தமிழில் சிந்திப்போம், நிரல் எழுதுவோம்

கணினி நிரல் எழுதுவது ஆங்கிலத்தில் வல்லவர்க்கே கைவரும் என அஞ்சும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். அவ்வச்சம் தேவையற்றது என்பதே எமது கருத்து.

நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட பைத்தான் மொழியில், நிபந்தனைக்குரிய அடிப்படைச் சொற்கள் மூன்றே: 'இஃப்', 'எலிஃப்', 'எல்ஸ்'. இவற்றின் பொருளைத் தோட்ட மக்கள் நெடுங்காலமாக அறிவர். மழையில் பட்டை நனைந்திருந்தால் பால்வெட்டு இல்லை. இல்லையேல் வேலை உண்டு. இவ்வாறு சிந்திக்கத் தெரிந்த பிள்ளைக்கு நிரலின் பாதி கைவந்துவிட்டது.

மறுபாதி ஒழுங்கு. நிபந்தனை வரியின் இறுதியில் முக்காற்புள்ளி இடவேண்டும். அதற்குரிய செயலை அடுத்த வரியில் சற்று உள்தள்ளி எழுதவேண்டும். வரிசையும் முக்கியம். "மதிப்பெண் 40 அல்லது அதற்கு மேல் எனில் தேர்ச்சி" என்பதை முதலிலும், "80 அல்லது அதற்கு மேல் எனில் சிறப்புத் தேர்ச்சி" என்பதை 'எலிஃப்' கொண்டு அடுத்தும் எழுதினால், 85 பெற்ற மாணவனுக்கும் வெறும் தேர்ச்சியே கிட்டும். ஒரு நிபந்தனை பொருந்தியதும் கணினி எஞ்சியவற்றைப் பாராது. 80ஐ முதலில் வைத்தாலே அம்மாணவனுக்கு நீதி கிடைக்கும். பொறி சொன்னதைச் செய்யும். வரிசையைச் சிந்திப்பது நம் கடமை.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகள் ஆங்கிலம் முற்றும் கற்கட்டும் எனக் காத்திராதீர்கள். 'எனில்', 'இல்லையேல்' என்று தமிழில் சொல்லிப் பழக்குங்கள். மாணவச் செல்வங்களே, முதலில் தாளில் தமிழில் எழுதுங்கள். பின்னர் பைத்தானில் எழுதுங்கள். கணினிக் கல்வியின் வாயில் நமக்கும் திறந்தே உள்ளது.