கவுண்டர் பக்கத்தில் ஓர் ஆள்

ரயில்வே முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வுபெற்றவன் நான். ஆன்லைனுக்கு எதிரி அல்ல. 2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி இணையதளம் டிக்கெட் விற்கத் தொடங்குவதற்கு முன், தீபாவளிக்கு ஊர் போக முந்தின இரவே வந்து வாசலில் துண்டு விரித்துப் படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். செருப்பையும் செங்கல்லையும் போட்டு வரிசையில் இடம்பிடித்த புரோக்கர்களையும்தான். அந்தக் காலம் திரும்ப வேண்டாம்.

ஆனால், கவுண்டரில் நாங்கள் கேட்ட கேள்விகளை இப்போது யார் கேட்கிறார்கள்? 60 வயது நிரம்பிய ஆண்களுக்கும் 45 வயது நிரம்பிய பெண்களுக்கும் லோயர் பெர்த்தில் தனி ஒதுக்கீடு உண்டு. தனியாகவோ, அந்த வயதுக்காரர்கள் இருவராகவோ ஒரு டிக்கெட்டில் போனால்தான் அது கிடைக்கும். மகன், மருமகள், பேரன் என்று மொத்தக் குடும்பத்தையும் ஒரே படிவத்தில் எழுதி நீட்டுவார்கள். “பெரியவங்க ரெண்டு பேருக்கும் தனி ஃபார்ம் எழுதிக் கொடும்மா” என்று திருப்பித் தருவோம். பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். இன்று பேரன் செல்போனில் எல்லாரையும் சேர்த்துப் போட்டுவிடுகிறான். முழங்கால் வலிக்காரத் தாத்தாவுக்கு அப்பர் பெர்த். பேரனைக் குறை சொல்ல முடியாது. கோட்டா என்ற இடத்தைத் தொட்டு மாற்ற வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். கவுண்டர் தட்கலுக்கும் ஓடிபி என்ற அறிவிப்பு அதே ஆண்டில் வந்தது. புரோக்கரைத் தடுக்கிறார்கள், சரி. ஆனால் செல்போனே இல்லாத அம்மா, திருப்பூரில் வேலை பார்க்கும் மகளின் எண்ணைச் சொல்கிறார். ஓடிபி திருப்பூருக்குப் போகிறது. மகள் தையல் மிஷினில் இருக்கிறாள். தட்கலில் அந்த இரண்டு நிமிடம் போதும், எல்லாம் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போய்விடும். செல்போன் இல்லாதவரிடம் ஆதார் அட்டையைப் பார்த்து, கைரேகையோ கையெழுத்தோ வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்தால் என்ன?

மின்னணுச் சேவைகளை எல்லாரும் அணுக முடிவது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வங்கியின் கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்புக்குக் கண் சிமிட்டச் சொன்னதால் தவித்த அமிலவீச்சுக்கு ஆளானவர்களும், பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளின் தீர்ப்பு அது. உரிமை என்று ஆகிவிட்டால், பக்கத்து வீட்டுப் பையனின் நல்ல மனசை நம்பி விட்டுவிட முடியாது. பிரவுசிங் சென்டர்காரரின் நோட்டில் பாஸ்வேர்டை எழுதிவைத்துவிட்டு வருவதும் உதவி ஆகாது.

செலவாகும் என்பார்கள். தானியங்கி இயந்திரத்தில் முன்பதிவில்லா டிக்கெட் எடுத்துத் தர, ஓய்வுபெற்ற ஊழியர்களை ரயில்வே ஏற்கெனவே கமிஷனுக்கு அமர்த்தியிருக்கிறது. அதே ஏற்பாட்டை முன்பதிவுக்கும் நீட்டலாம். ஒரு மேசை, ரயில்வேயின் கணினி, வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, திரையைக் காட்டிக் கேட்டுக் கேட்டு நிரப்பும் ஓர் ஆள். ஆளுக்கு எங்கே போவது என்று கேட்டால், என்னோடு ஓய்வுபெற்றவர்களில் பலர் இன்றும் காலையில் ஸ்டேஷன் பெஞ்சில்தான் பேப்பர் படிக்கிறார்கள்.