மாசம் தொண்ணூத்தொம்பதுதான்பா!



‘மாசம் தொண்ணூத்தொம்பது ரூபாதான்பா, நூத்துக்கணக்கான கேம் வருது!’ திருப்பாதிரிப்புலியூரோ சிதம்பரமோ, பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் கோரிக்கை எழத்தான் செய்கிறது.

பிள்ளை சொல்லும் கணக்கு தப்பில்லை. ஆப்பிள் ஆர்கேட் 2019-லும் கூகுள் பிளே பாஸ் 2022-லும் இங்கே வந்தபோது மாதம் 99 ரூபாய்தான். விளம்பரம் கிடையாது. ‘இதை வாங்கு, அதை வாங்கு’ என்ற நச்சரிப்பும் கிடையாது. ஒருவர் கட்டினால் வீட்டில் இன்னும் ஐந்து பேர் ஆடலாம். ‘இலவச’ கேமில் துப்பாக்கிக்கும் சட்டைக்கும் காசு கரைவதைவிட இது எவ்வளவோ மேல்.

பணம் வைத்து ஆடும் சூதாட்டமோ என்று பயப்படவும் வேண்டாம். 2025-ல் வந்த மத்திய அரசின் சட்டம் தடுப்பது பணப் பந்தயத்தை. சந்தா கட்டி ஆடும் சாதாரண விளையாட்டை அல்ல.

ஆனால், சந்தா எந்தெந்தக் கருவியில் வேலை செய்யும் என்று கேட்டீர்களா? பிளே பாஸ் ஆண்ட்ராய்டுக்கு, ஆர்கேட் ஆப்பிளுக்கு. அப்பாவிடம் ஆண்ட்ராய்டு, அக்காவிடம் ஐபோன் என்றால் ஒருவருக்குத்தான் பயன்.

ஒன்றுக்கு மேற்பட்ட வகைக் கருவிகளில் வேலை செய்பவை பெரிய சந்தாக்கள். மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் அல்டிமேட்டில், அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் அண்ணன் லேப்டாப்பில் பாதியில் விட்ட பல கேம்களை, ஊருக்கு வந்ததும் எக்ஸ்பாக்ஸில் தொடரலாம். சந்தோஷம்தான். விலை? 2025 அக்டோபரில் மாதம் 829 ரூபாயிலிருந்து 1,389 ரூபாய் ஆனது. அந்த விலையில் வருஷத்துக்கு 16,668 ரூபாய். அந்தக் காசுக்குப் புதுப் போனே வாங்கிவிடலாமே!

விலை உயர்ந்த மெஷின் இல்லாமலே போனில் ஆடலாம் என்று கிளவுட் கேமிங்கும் இந்தியாவுக்கு வந்துவிட்டது. கேம் எங்கோ ஒரு சர்வரில் ஓடும், படம் நம் திரைக்கு வரும். ஆனால் 10 எம்.பி.பி.எஸ். வேகத்தில் அது தொடர்ந்து ஓடினால் மணிக்கு நாலரை ஜிபி போகும். தினம் 2 ஜிபி ரீசார்ஜ் அரை மணிக்குள் காலி. ஃபைபர் இணைப்பு இல்லாத வீட்டில் இந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளி வைப்பது நல்லது.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சந்தா என்பது வாடகை நூலகம் மாதிரி. கட்டுவதை நிறுத்தினால் கேம் திறக்காது. கட்டிக்கொண்டே இருந்தாலும் சில கேம்கள் பட்டியலைவிட்டுப் போய்விடும். காசு கொடுத்து வாங்கியதற்கே இந்தக் கதி உண்டு. யுபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று ‘தி க்ரூ’ கேமின் சர்வரை நிறுத்தியதும், டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் ஆட முடியவில்லை. இது நியாயமா? ஐரோப்பாவில் இதை எதிர்த்துப் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நாமும் கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆட்டோபே விஷயத்தில் கவனம் தேவை. பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். சேர்வதைச் சுலபமாக்கி விலகுவதைச் சிக்கலாக்கும் ‘சந்தா வலை’யை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. நிறுத்தவிடாமல் இழுத்தடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள்.

வருஷம் முழுக்கக் கட்டியே ஆக வேண்டுமா என்ன? அரையாண்டு லீவுக்கு ஒரு மாதம் கட்டுங்கள், பள்ளி திறந்ததும் நிறுத்துங்கள். அந்த கேம் பட்டியலில் இருந்தால், மே மாதம் திரும்பக் கட்டும்போது பையன் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

அன்புடன்,
ஆசிரியர்