பற்றை மூடினால் காடா? அரிப்புக்குத் தெற்கே ஒரு வர்த்தமானி எல்லை

அரிப்பிலிருந்து சிலாவத்துறை தாண்டித் தெற்கே போகும் கரையோர வீதி, மறிச்சுக்கட்டிக்கு அப்பால் வில்பத்துக் காட்டை அடைகிறது. இலங்கையின் மிக வறண்ட நிலப்பகுதிகளில் இதுவும் ஒன்று. மாரி மழை ஓய்ந்தால் முட்பற்றையும் பாலை, வீரை மரங்களும்தான் மிச்சம். இங்கே ஒரு காணியைப் பத்து வருடம் பாராமல் விட்டால் பற்றை மூடிவிடும். இருபது வருடம் விட்டால் செய்மதிப் படத்தில் அது காடு.

முசலிப் பிரதேசத்தில் நடந்தது அதுதான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். 2007 செப்டெம்பரில் படையினர் சிலாவத்துறையைப் பிடித்தபோது அரிப்பு, முள்ளிக்குளம் பக்கத்துத் தமிழர்களும் இடம்பெயர்ந்தார்கள். போர் முடிந்து சனம் திரும்பிக்கொண்டிருந்த 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிக் காடு ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் வந்தது. 2017 மார்ச் 24இல், ரஷ்யா சென்றிருந்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அங்கிருந்தே இன்னொரு வர்த்தமானியில் கையொப்பமிட்டார். அது 40,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தை மாவில்லு பாதுகாக்கப்பட்ட வனமாக்கியது. எல்லை போடுமுன் தங்களை யாரும் கேட்கவில்லை என்று மறிச்சுக்கட்டியில் மக்கள் தொடர் போராட்டம் இருந்தார்கள்.

காடு பொய்யல்ல. யானையும் குளங்களின் நீரேந்து பகுதிகளும் அதை நம்பியே இருக்கின்றன. கல்லாறு ஒதுக்கத்தில் சட்டத்துக்குப் புறம்பாகக் காடு அழிக்கப்பட்டதென்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்து, மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ரிஷாத் பதியுதீன் ஏற்கவேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பைக் குறைசொல்ல எனக்கு இடமில்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு முன் உழுத வயல் எது, ஆதிக்காடு எது என்று யார் எப்போது நிலத்தில் இறங்கிப் பிரித்தார்கள் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது.

பாதுகாப்பு எல்லை எல்லோருக்கும் ஒரேமாதிரி இறுக்கமாகவும் இல்லை. மன்னாரிலேயே, 2016இல் அறிவித்த விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்திலிருந்து 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்க 2024 மே மாதம் வர்த்தமானி வந்தது. சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போனதால் அது இடைநிறுத்தப்பட்டது. முதலீட்டுக்கு அளந்து விடுவிக்க முடியுமென்றால், மீள்குடியேறியவருக்கு அளக்க என்ன தடை?

அளப்பதற்குத் தடயமும் உண்டு. குளக்கட்டு, கட்டுக்கிணறு, மையவாடி, கோயில், பள்ளிவாசல் அடித்தளம் எல்லாவற்றையும் பற்றை மூடலாம், விழுங்காது. உறுதி தொலைந்தவர்களிடம் பழைய வாக்காளர் இடாப்பும் பிறப்புப் பதிவும் காணி அனுமதிப்பத்திரமும் இருக்கலாம். வனவளத் திணைக்களமும் பிரதேச செயலகமும் கிராமத்து மூத்தவர்களும் ஒன்றாக நடந்து பார்க்கவேண்டிய வேலை இது. பெரியவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே நடக்கவேண்டும்.