யாத்திரையில் ஓர் இரவு இளைப்பாறல்

தலயாத்திரை என்றால் சிக்கனம் என்பது பக்தர்களின் குடும்பங்களில் எழுதப்படாத விதி. தேவஸ்தான அறை, நகரத்தார் சத்திரம், ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பு, முதல் நாளுக்குக் கட்டுச்சோறு, மறுநாள் முதல் கோயில் அன்னதானம் என்று கணக்கிட்டே பெரியவர்கள் புறப்படுகிறார்கள். அதில் குறை காண இடமில்லை. வசதியைக் குறைத்துக்கொண்டு இறைவனை நாடிச் செல்வதே யாத்திரையின் இலக்கணம். எனினும், அறுபதையும் எழுபதையும் கடந்த ஓர் உடம்பும் உடன் வருகிறது என்பது அந்தக் கணக்கில் பல நேரங்களில் விடுபட்டுப்போகிறது.

இராமேஸ்வர யாத்திரையையே எடுத்துக்கொள்ளலாம். விடியற்காலையில் ஸ்படிகலிங்க தரிசனம். பிறகு அக்னி தீர்த்தத்தில் கடல் நீராட்டு. அதன்பின் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நீர் தலையில் விழ, ஈர உடையோடு கல் தரையில் நடை. உடை மாற்றிக்கொண்டு இராமநாதரையும் பர்வதவர்த்தினி அம்பிகையையும் தொழுது வெளியே வரும்போது மனம் நிறைந்திருக்கும். முழங்கால்கள் மட்டும் முணுமுணுக்கத் தொடங்கியிருக்கும். மறுநாள் தேவிபட்டினத்து நவபாஷாணம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை. மூன்றாம் நாள் படியேறும்போது கைப்பிடிச் சுவரைத் தேடும் கை. சத்திரத்து மாடி அறையும் மெல்லிய மெத்தையும் அன்றிரவு சற்றே கடினமாகத் தோன்றும். ஆனால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. சொன்னால் புண்ணியம் குறைந்துவிடுமோ என்ற தயக்கம்.

இராமேஸ்வரத்திலிருந்து மானாமதுரை வழியாகத் திருச்சி, சென்னை நோக்கித் திரும்பும் ரயில் பாதையில் இருக்கிறது காரைக்குடி. அதைச் சுற்றிக் கானாடுகாத்தான், கொத்தமங்கலம், கடியாபட்டி போன்ற ஊர்களில் நகரத்தார் கட்டிய பெருவீடுகள் சில, இப்போது தங்கும் விடுதிகளாக நடக்கின்றன. குறைந்த அறைகள், வீட்டுக்கே உரிய பழமை, விருந்தினரைத் தனித்தனியே கவனிக்கும் பணிவிடை. இத்தகைய விடுதிகளைத்தான் 'பூட்டிக் ஹோட்டல்' என்று இக்காலத்தார் அழைக்கிறார்கள். சத்திரங்களில் சிக்கனமாகத் தங்கிவந்த முதிய தம்பதியர், திரும்பும் வழியில் ஓர் இரவை இங்கே கழிக்கலாமா? கேள்வி சிறியது. ஆனால் பல வீடுகளில் அது கேட்கப்படாமலே போய்விடுகிறது.

கேட்கப்படும் வீடுகளில் உரையாடல் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் அமையும்.

"ராத்திரி கண்ணை மூடிட்டா எல்லா அறையும் ஒண்ணுதானே? அதுக்குப் போய் ஆயிரக்கணக்கில கொடுக்கணுமா?" என்பார் கணவர்.

"கண்ணை மூடுற நேரத்துக்கு இல்லீங்க. விடிஞ்சு கண்ணைத் திறந்த பிறகு ஒரு நாளாவது யாராவது காப்பி கொண்டுவந்து கொடுத்தா நல்லாயிருக்கும்னு தோணுது" என்பார் மனைவி.

இந்த விடைக்குப் பின்னால் ஐம்பது ஆண்டு இல்லறம் இருக்கிறது. ஊரார் உறங்கும்போதே எழுந்து, வாசல் தெளித்து, அடுப்பு மூட்டி, எல்லோரும் உண்டபின் உண்ட வாழ்க்கை. யாத்திரையிலும் துணி உலர்த்துவதும், மாத்திரையை வேளைக்கு எடுத்துக் கொடுப்பதும், கட்டுச்சோற்றைப் பங்கிடுவதும் அவரே. கேட்பது ஆடம்பரத்தை அன்று. ஒரு வேளை உட்கார்ந்து உண்ணும் ஓய்வை. அடுத்த யாத்திரைக்கு உடம்பு இடம் கொடுக்குமா என்பது இருவருக்கும் தெரியாது. ஆகவே, 'பிறகு பார்க்கலாம்' என்ற சொல்லை இந்த வயதில் சற்று யோசித்தே சொல்ல வேண்டும்.

இது பக்திக்கு மாறானதா? உடம்பைப் பேணுவதும் உயிரைப் பேணுவதே என்பது திருமூலர் காட்டிய நெறி. இறைவன் குடியிருக்கும் இடமென்று உடம்பை அறிந்தவர் அதை வருத்திக் கெடுக்கமாட்டார். எனினும் ஓர் எல்லை உண்டு. விரதம் பூண்டு வந்தவர்கள் விரதம் முடியும்வரை எளிய தங்கலிலேயே இருப்பது முறை. இராமேஸ்வரத்து மணலைக் கங்கையில் சேர்த்து, கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்யும் காசி யாத்திரிகர்களுக்கு, அபிஷேகம் நிறைவேறும்வரை யாத்திரை முடிவதில்லை. இளைப்பாறல் அதற்குப் பின்புதான். அதேபோல, உண்டியலுக்கும் அன்னதானத்துக்கும் நேர்ந்துகொண்ட தொகையை முதலில் தனியே முடிந்துவைத்துவிட வேண்டும். அறை வாடகை அதில் கை வைக்கக் கூடாது.

செட்டிநாட்டு வீட்டில் தங்குவதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. காசியிலும் இராமேஸ்வரத்திலும் வழிப்போக்கருக்குச் சத்திரம் அமைத்த அதே நகரத்தார் சமூகம் கட்டியவைதாம் இந்த வீடுகள். வெளியூர் அடியவருக்குச் சத்திரம், சொந்த ஊரில் வழிநடப்பவருக்கு வாசல் திண்ணை என்று விருந்தோம்பலை அறமாகவே அவர்கள் கொண்டிருந்தனர். மாரிக்கால நள்ளிரவில் வந்த அடியவருக்காக, விதைத்த நெல்லையே வாரிவந்து அமுது படைத்த மாற நாயனாரின் இளையான்குடியும் இதே சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. யாத்திரை முழுவதும் சத்திரத்தில் தங்கியவர், அந்தச் சத்திரத்தைக் கட்டிய மரபினர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை ஓர் இரவு தங்கிப் பார்ப்பது யாத்திரைக்குப் புறம்பானதாகாது.

முகப்பைத் தாண்டினால் வானம் பார்த்த வளவு. நான்கு புறமும் பர்மாத் தேக்குத் தூண்கள். மழைநீர் முற்றத்தில் இறங்கும் வண்ணம் சாய்ந்த ஓட்டுக் கூரை. காலுக்குக் குளிர்ச்சி தரும் ஆத்தங்குடித் தளக்கற்கள். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சாந்தை வார்த்துக் கையாலேயே செய்யப்படுபவை அவை. வளவைச் சுற்றி, மணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. தலைமுறைகள் பெருகப் பெருகப் பங்காளிகளும் பெருகினர். பராமரிப்புச் செலவை ஏற்பார் குறைந்தனர். இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன என்றாலும், கூரை ஒழுகாமல் காப்பது பட்டியல் அன்று. வீட்டில் ஆள் புழங்குவதுதான். விருந்தினர் தரும் வாடகை அந்த வகையில் வீட்டையும் நிற்கவைக்கிறது.

இனிச் செலவுக் கணக்கு. ஏழு இரவு யாத்திரை என்று வைத்துக்கொள்ளலாம். ஏழு இரவும் நடுத்தர ஓட்டலில் இரவுக்கு 2,500 ரூபாய் வீதம் தங்கினால் 17,500 ரூபாய். ஆறு இரவு 1,000 ரூபாய் அறையிலும், ஓர் இரவு 7,500 ரூபாய் அறையிலும் தங்கினால் 13,500 ரூபாய்தான். ஆறு நாள் சிக்கனமே ஏழாம் நாளுக்கு வழிவிடுகிறது. வரியையும் மறக்கலாகாது. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் சரக்கு சேவை வரி 18 சதவீதம். அதற்குள் இருந்தால் வரி குறைவு. கோடையிலும் வார நடுவிலும் வாடகை இறங்குவதுண்டு. கடன் வாங்கியோ, பிள்ளைகள் முகம் சுளிக்கும்படியோ இதைச் செய்ய வேண்டியதில்லை. கைக்கு எட்டாதபோது, தேவஸ்தானத்தின் குளிரூட்டிய அறையை ஓர் இரவு எடுத்துக்கொண்டாலும் இளைப்பாறல் இளைப்பாறலே.

முன்பதிவு செய்யும்போது பெரியவர்கள் சிலவற்றை வெட்கப்படாமல் கேட்டுத் தெளிவது நலம். பழைய வீடுகளில் நிலைப்படிகள் உயரம், மாடிப்படிகள் செங்குத்து. ஆகவே தரைத்தளத்து அறை வேண்டும் என்று சொல்லிவைக்க வேண்டும். மேல்நாட்டு முறைக் கழிப்பறையும், குளியலறையில் பிடிமானமும் உண்டா என்று கேட்க வேண்டும். செட்டிநாட்டுச் சமையல் புலால் உணவுக்குப் பெயர் பெற்றது. சைவ உணவு தனிப் பாத்திரத்தில் ஆகுமா, வெங்காயம் பூண்டு தவிர்க்க இயலுமா என்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும். அறை எத்தனை மணிக்குக் கிடைக்கும், காலைச் சிற்றுண்டி வாடகையில் அடங்குமா, ரயில் நிலையத்துக்கு வண்டி வருமா என்பவையும் கேட்க வேண்டியவையே.

அறை கிடைத்த நாளில் ஊரெல்லாம் சுற்றினால் கொடுத்த பணம் வீண். நண்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும் வேளையில் வந்து சேர்ந்து, உண்டு, உறங்கி எழலாம். மாலையில் ஒரே ஒரு தலம் போதும். காரைக்குடியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் பிள்ளையார்பட்டி. குடைவரையில் இரு கரங்களுடன் வலம்புரியாக வீற்றிருக்கும் கற்பக விநாயகரைத் தரிசித்துத் திரும்பலாம். நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் இதுவும் ஒன்று. மறுநாள் உடம்பு இடம் கொடுத்தால் வயிரவன்பட்டியோ, காஞ்சி காமகோடி பீடத்தின் 65ஆவது ஆசாரியரின் அதிஷ்டானம் அமைந்த இளையாத்தங்குடியோ செல்லலாம். இடம் கொடுக்காவிட்டால் வளவில் நாற்காலி போட்டு அமர்ந்து, முற்றத்தில் இறங்கும் வெயிலைப் பார்த்தபடி நாமஜபம் செய்யலாம். அதற்கும் பலன் உண்டு.

திண்ணை வைத்து வீடு கட்டியவர்கள், களைத்து வருபவரை எதிர்பார்த்தே அதை வைத்தார்கள். யாத்திரை முடித்துக் களைத்து வரும் முதியவர்கள் அங்கே ஓர் இரவு தங்குவதில் கூச்சப்பட ஏதுமில்லை. விடிந்ததும் காப்பி வரும். அதை அந்த அம்மையார் உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிக் குடிக்கட்டும்.