நாற்பது நாள் நோன்பும் நள்ளிரவுச் சீட்டும்

2024 ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் தொடக்கம். திருநீற்றுப் புதன் மாலையில் நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மாத ஊதியக்காரர், பாடற்குழுவில் பாடுபவர். ஒப்புரவு அருட்சாதனத்திற்காக அவர் வரவில்லை. வந்திருந்தால் இதனை எழுதும் உரிமை நமக்கு இராது. இன்று அவரும் அவர் துணைவியாரும் இசைந்ததாலேயே எழுதுகிறோம். கைப்பேசியில் ரம்மி ஆடி இரண்டு இலட்சம் ரூபாய் இழந்துவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போதே கண் கலங்கினார். "இந்தத் தவக்காலம் முழுவதும் அதைத் தொடமாட்டேன், சாமி" என்றார். நாம் அகமகிழ்ந்தோம். "மனத்தை அடக்கப் பழகு, நாள்தோறும் செபமாலை சொல், எல்லாம் சரியாகிவிடும்" என்று தலையில் கைவைத்து ஆசி கூறி அனுப்பினோம்.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெரிய வியாழனன்று நம்மைக் கண்டபோது, "பார்த்தீர்களா சாமி, என்னால் நிறுத்த முடிகிறது. எல்லாம் என் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது" என்றார். நாமும் தலையசைத்தோம். பாஸ்காத் திருவிழிப்பு முடிந்து வீடு திரும்பிய அதே இரவில், பிள்ளைகள் உறங்கிய பின், மாடிப்படியில் அமர்ந்து மீண்டும் கைப்பேசியைத் திறந்தார். தூய ஆவியார் பெருவிழா வருவதற்குள் துணைவியாரின் தாலிச் சங்கிலி அடகுக்கடையில் இருந்தது. அந்த அம்மையார் நம்மிடம் வந்து சொன்ன சொற்களை நாம் மறக்கவில்லை: "நாற்பது நாள் விட்டேனே, நாற்பது நாள் விட்டேனே என்று சொல்லித்தான், சாமி, என் நகையையும் வாங்கினார். அவருக்குக் கட்டுப்பாடு இருக்கிறது என்று நீங்களும்தானே நம்பினீர்கள்?"

ஆம், நாமும்தான் நம்பினோம். நாம் இழைத்த அத்தவறு நம் பங்கோடு நின்றுவிடவில்லை. பல பீடங்களிலும் பல வீடுகளிலும் அன்றாடம் நிகழ்கிறது. ஆகவேதான் அதனை இங்கே கண்டித்து எழுதத் துணிகிறோம்.

இணையவழிச் சூதாட்ட நிறுவனங்களின் விளம்பரங்களை நினைவுகூருங்கள். 2020 டிசம்பர் முதல் அவற்றின் இறுதியில் ஓர் எச்சரிக்கை இடம்பெறலாயிற்று: இவ்விளையாட்டில் பண இழப்பு நேரலாம், இது அடிமைப்படுத்தக்கூடும், பொறுப்புடன் ஆடுக என்பது அதன் பொருள். அதாவது, வலையை விரித்தவன் மீனைப் பார்த்து "கவனமாக நீந்து" என்கிறான். மீன் சிக்கினால் குற்றம் மீனுடையது. இப்போது நம் அறிவுரையை அதனருகே வைத்துப் பாருங்கள். "மனத்தை அடக்கு, உறுதியாயிரு" என்றோம். இவ்விரண்டிற்கும் என்ன வேறுபாடு? அவன் வணிக மொழியில் கூறியதை நாம் மறைமொழியில் கூறினோம், அவ்வளவே. இரண்டு குரல்களும் சுமை முழுவதையும் தனியொருவனின் மனவுறுதியின்மீது ஏற்றிவிட்டுக் கை கழுவிக்கொள்கின்றன. கை கழுவுவதன் வரலாற்றை நாம் அறியாதவர்களா?

நம் முன்னோர் காலத்திலும் சூதாட்டம் இருந்தது. ஆனால் மரத்தடியில் நால்வர் அமர்ந்து சீட்டாடியபோது பொழுது சாய்ந்தது. மடியில் இருந்த காசு தீர்ந்தது. தெருவில் போகிறவர் பார்த்தார். மாமனார் காதுக்குச் செய்தி எட்டியது. அவ்வாட்டத்திற்கு இயற்கையே வேலியிட்டிருந்தது. கைப்பேசியில் அந்த வேலிகள் எவையும் இல்லை. அங்கே சூரியன் மறைவதில்லை. 2016 இல் வந்த யு.பி.ஐ. முறையால் வங்கியில் உள்ள பணம் நொடியில் ஆட்டத்திற்குள் போகிறது. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது விரல் உணரும் வலியும் இல்லை. வங்கிக் கணக்கு காலியானால் அதே கைப்பேசியில் கடன் செயலி காத்திருக்கிறது. பார்ப்பார் எவருமில்லை. இவற்றுக்கு மேலாக, எப்போது வரும் என்று அறிய இயலாத வெற்றியே மனித மனத்தை இறுகப் பிணிக்கிறது என்பது உளவியலார் நெடுங்காலமாகக் கண்ட உண்மை. நூலிழையில் தவறிய தோல்வி, வெற்றியைப் போலவே அடுத்த ஆட்டத்திற்குத் தூண்டுகிறது. விலகிச் சென்றவனை மீண்டும் இழுக்க ஊக்கத்தொகை வருகிறது. ஒரு மனிதனின் கட்டுப்பாட்டைக் குலைப்பதற்கென்றே சமைக்கப்பட்ட கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, கட்டுப்பாடு எங்கே என்று கேட்பது நீதியன்று.

மருத்துவ உலகம் இதனை நோய் என்றே பெயரிட்டுவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980 இல் இதனைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2013 இல் மது, போதைப்பொருள் ஆகியவற்றின் அடிமைத்தனத்தோடு ஒரே வகுப்பில் வைத்தது. 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பகுப்பு, இணையவழிச் சூதாட்ட நோயைத் தனியே பிரித்துக் காட்டுகிறது.

2013 ஆம் ஆண்டின் பட்டியல் ஒன்பது அடையாளங்களைக் கூறுகிறது. அவற்றை நம் வீட்டு மொழியில் சொல்கிறோம். தாய்மாரும் மனைவியரும் மனத்தில் இருத்திக்கொள்வார்களாக. முன்பு நூறு ரூபாயில் கிடைத்த கிளர்ச்சிக்கு இப்போது ஆயிரம் தேவைப்படுகிறது. ஆடாமல் இருந்தால் எரிச்சலும் தவிப்பும் மிகுகின்றன. நிறுத்த முயன்று பலமுறை தோற்கிறார். உண்ணும்போதும் பூசையிலும் ஆட்டத்தின் நினைவே ஓடுகிறது. மனம் நொந்தபோதெல்லாம் ஆட்டத்தை நாடுகிறார். இழந்ததைப் பிடித்துவிடலாம் என்று மறுநாள் மீண்டும் போகிறார். எவ்வளவு ஆடினார் என்பதை மறைத்துப் பொய் சொல்கிறார். வேலைக்கோ, படிப்பிற்கோ, உறவிற்கோ ஆபத்து வந்துவிட்டது. கடனை அடைக்கப் பிறரிடம் கையேந்துகிறார். ஓராண்டிற்குள் இவற்றுள் நான்கோ அதற்கு மேலோ காணப்பட்டால் அது நோய் என ஐயுற்று மருத்துவரை நாடவேண்டும்.

இந்த ஒன்பதினுள் மூன்றாவதை மீண்டும் படியுங்கள். நிறுத்த முயன்று பலமுறை தோற்பது மருந்தன்று; நோயின் அடையாளங்களுள் ஒன்று! நம் அன்பர் நாற்பது நாள் விட்டுப் பின் விழுந்ததை நாம் வெற்றி என்று கொண்டாடினோம். மருத்துவர் அதனைக் கண்டிருந்தால் எச்சரிக்கை என்று கொண்டிருப்பார். இதனை உணர்வதற்கு மருத்துவ நூல்தான் வேண்டும் என்பதில்லை. விரும்பும் நன்மையைச் செய்ய இயலாமல், வெறுக்கும் தீமையையே செய்துவிடும் மனித அவலத்தைத் திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 7 ஆம் அதிகாரத்தில் தம்மைப் பற்றியே பேசுவதுபோல் எழுதவில்லையா?

"அப்படியானால் சூதாட்டம் பாவமில்லை என்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். 1992 இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இதற்குத் தெளிவான விடை தருகிறது. எண் 2413 இன்படி, பந்தயமும் நற்பேறு சார்ந்த விளையாட்டும் தம்மளவில் நீதிக்கு முரணானவை அல்ல. ஆனால் ஒருவன் தன் தேவைக்கும் தன்னைச் சார்ந்தோர் தேவைக்கும் உரியதை அவை பறிக்கும்போது ஒழுக்கநெறிக்கு ஒவ்வாதவை ஆகின்றன. அந்த வேட்கை அடிமைத்தனமாக மாறும் ஆபத்தும் உண்டு. எண் 1735 மேலும் ஒன்று கூறுகிறது: பழக்கமும் கட்டற்ற பற்றுகளும் ஒருவனின் குற்றப்பொறுப்பைக் குறைக்கக்கூடும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை ஆட்டத்தில் வைப்பது தீமையே. அதனை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அடிமையை நோக்கி "நடந்து வெளியே வா" என்று கூறிவிட்டு, விலங்கைத் தொடாமல் போகிறவர் மீட்பின் பணியைச் செய்யவில்லை.

வேறு சிலர், "அதுதான் சட்டம் வந்துவிட்டதே" என்கிறார்கள். சட்டத்தின் பாதையையும் சற்றே நோக்குவோம். 2021 இல் தமிழக அரசு கொண்டுவந்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் நீக்கியது. நீதியரசர் சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப்பின் 2022 இல் புதிய சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் மட்டும் திறன்சார் விளையாட்டுகள் என விலக்கியது. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்ற விதி வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறன் எனினும் நற்பேறு எனினும், பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் சட்டம் இயற்றியது. அதனை அடுத்துப் பெரிய இந்திய நிறுவனங்கள் அவ்வாட்டங்களை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்து வழக்குகளும் எழுந்தன.

தடையை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் சட்டம் கடையை அடைக்கும். வீட்டிற்குள் கிடக்கும் நோயாளியை அது எழுப்பாது. வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயத் தளங்களுக்கு வழிகாட்ட ஒரு நண்பனின் குறுஞ்செய்தி போதும். 2003 இல் தமிழகத்தில் பரிசுச்சீட்டு தடை செய்யப்பட்டபோது எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் மூச்சுவிட்டன. எனினும் சூதின் வேட்கை மாண்டுவிடவில்லை, வேறு வாசல் தேடியது என்பதை அதன்பின் வந்த ஆண்டுகள் காட்டின.

அவ்வாறாயின் கட்டுப்பாடு எங்கே கிடைக்கும்? ஆட்டத்திற்குள் கிடைக்காது, "இன்று ஐந்நூறுக்கு மேல் ஆடமாட்டேன்" என்ற உறுதிமொழியிலும் கிடைக்காது. நோயுற்றவருக்கு அது மறைவை உடைப்பதில் தொடங்குகிறது.

முதலாவதாக, கடன் முழுவதையும், கைமாற்று, நகைக்கடன், வட்டிக்கடன், செயலிக்கடன் என ஒன்றும் விடாமல், ஒரு தாளில் எழுதித் துணைவியின் முன்போ நம்பத்தக்க மூத்தவர் முன்போ வைக்கவேண்டும். பாதியை மறைத்தால் அந்தப் பாதியே மீண்டும் ஆட்டத்திற்கு இழுக்கும்.

இரண்டாவதாக, பணத்தைத் தம் கையிலிருந்து அகற்றவேண்டும். ஊதியம் குடும்பத்தார் கையாளும் கணக்கிற்குச் செல்லட்டும். கைப்பேசியிலிருந்து பணப்பரிமாற்றச் செயலிகளும் கடன் செயலிகளும் நீங்கட்டும். இது அவமானமன்று, கால் முறிந்தவன் ஊன்றுகோல் பிடிப்பதைப் போன்றது.

மூன்றாவதாக, உறவினர் இரங்கிப்போய் மொத்தக் கடனையும் அவர் கையில் கொடுத்து அடைக்கச் சொல்லலாகாது. நாமே அன்று ஐயாயிரம் ரூபாய் கொடுத்தோம். அது இரவு தாண்டவில்லை. உதவுவதாயின் கடன் கொடுத்தவரிடம் நேரே செலுத்துக.

நான்காவதாக, மருத்துவரிடம் செல்லவேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். கடனால் மனமுடைந்து ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் அதை வெறும் பேச்சென்று தள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். செபமாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதனைக் கையில் பிடித்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள் என்கிறோம்.

நம் அன்பியங்களுக்கும் ஒரு கேள்வி. மதுவிலிருந்து மீள்வோர் கூடுவதற்குப் பங்கு மன்றங்கள் பலவற்றின் கதவு திறக்கிறது. சூதில் வீழ்ந்தவர் வாய் திறந்து பேச நம்மிடம் ஓர் அறை உண்டா? அவர் பெயரைச் சொன்னதும் அடுத்த வாரமே ஊரெல்லாம் பரவும் என்றால், அவர் எங்கே போய்ச் சொல்வார்? சிலுவையின் அடியில் படைவீரர்கள் ஆண்டவரின் உடைக்காகச் சீட்டுப் போட்டார்கள். அருகிலேயே தாய் நின்றுகொண்டிருந்தார். ஆடுகிறவன் தலைநிமிர்ந்து அத்தாயைப் பார்ப்பதில்லை. அவன் தோளைத் தொட்டு நிமிர்த்துவதற்கு ஒருவர் வேண்டும்.

திருக்குறளில் சூது என்னும் அதிகாரத்தை அடுத்து வருவது மருந்து என்னும் அதிகாரம். திருச்சபையின் வரலாற்றிலும் அவ்வரிசை உண்டு. 1550 இல் இத்தாலியில் பிறந்த கமில்லஸ் தெ லெல்லிஸ் என்ற படைவீரர், சூதில் தம் உடைமைகள் அனைத்தையும் இழந்து வறியவரானார். மன்ஃப்ரெடோனியா நகரில் கப்புச்சின் துறவியர் அவருக்குக் கட்டடப் பணியில் வேலை கொடுத்தனர், சோறும் கூரையும் கொடுத்தனர், அவரோடு பேசினர். 1575 இல் அவர் மனம் மாறினார். பின்னர் நோயாளரைப் பேணும் துறவற சபையை நிறுவினார். 1746 இல் புனிதராக உயர்த்தப்பெற்றார். 1886 இல் மருத்துவமனைகளுக்கும் நோயாளருக்கும் பாதுகாவலர் ஆனார். நம் மருத்துவமனைகளின் பாதுகாவலர் ஒரு பழைய சூதாடி! அத்துறவியர் அவரிடம் "மனத்தை அடக்கு" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தால்?

நம் அன்பர் இன்று சிகிச்சையில் இருக்கிறார். கடன் இன்னும் தீரவில்லை, சங்கிலியும் மீளவில்லை. ஆனால் மாதந்தோறும் ஊதியநாளன்று கணவனும் மனைவியும் பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து கணக்கெழுதுகிறார்கள். கடந்த தவக்காலத்தில் அவர் நம்மிடம், "இந்த முறை வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை, சாமி. கைப்பேசியை அவளிடம் கொடுத்துவிட்டேன்" என்றார். நாம் இவ்வளவு காலம் மறையுரைகளில் தேடிய கட்டுப்பாடு அந்த ஒரு செயலில் இருந்தது.

ஜூலை 14 புனித கமில்லஸின் திருநாள். அன்று நம் பீடங்களிலிருந்து இதனைச் சொல்வோமாக. கேட்டுக்கொண்டிருப்போருள் ஒருவர் மாலையில் கதவைத் தட்டக்கூடும். தட்டினால், அவருக்கு ஆசி வழங்கி அனுப்பிவிடாமல், உள்ளே அழைத்து ஒரு தாளும் எழுதுகோலும் கொடுப்போம்.