தேசிங்குராஜன் கதையில் சாமி பெரிதா? தோழன் பெரிதா?

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் தேசிங்குராஜன் கதையைக் கேளாதவர் அருமை. பெரிய எழுத்துப் புத்தகத்திலும், கூத்து மேடையிலும், 1960-ல் சினிமாவிலும் வந்துவிட்ட கதை அது. நம்மைப் போல அதிகம் படியாதவர்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழக்கியதே இம்மாதிரிப் புத்தகங்கள்தான். வாலிபப் பிள்ளைகளுக்குச் சிநேகம் என்றால் என்னவென்று காட்ட அதைவிட நல்ல கதை நம் பக்கத்தில் இல்லை. ஆனால் அதை நம் ஜனங்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

சரித்திரத்தில் நடந்த சங்கதி சிறிது. புந்தேல ராஜபுத்திரனான தேசிங்கு, தன் தகப்பன் சொரூப்சிங் இறந்தபின் செஞ்சியை ஆள வந்தான். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகான் கப்பப் பாக்கி கேட்டான். கொடுக்க மறுத்ததில் 1714 அக்டோபரில் சண்டை வந்தது. சில நூறு குதிரை வீரரோடு எதிர்த்த தேசிங்கு மாண்டான். அப்போது அவனுக்கு வயது 22 என்கிறார்கள்.

இந்தச் சிறிய சங்கதியின்மேல் கதைக்காரன் மூன்று குறிப்புகளை ஏற்றி வைத்தான். ஒன்று, ஆகாயத்தில் தாவும் குதிரை; அது வாலிபத்தின் அடங்காத துணிவுக்கு அடையாளம். இரண்டு, ஓலை கண்டதும் கலியாணப் பந்தலை விட்டு ஓடிவந்து தேசிங்குக்காக உயிர் கொடுத்த மகமத்கான். சிநேகத்துக்கு என்ன விலை என்பதற்கு அவன் அடையாளம். மூன்று, சண்டைக்கு உத்தரவு கேட்டபோது "போகாதே" என்று தலையைத் திருப்பிக்கொண்ட சிங்கவரத்து ரங்கநாதர். வரப்போகும் கேட்டுக்கு அது அடையாளம்.

கதையில் இப்படிக் குறிப்பு வைப்பதை நாம் குற்றம் சொல்லவில்லை. பெண்ணின் முகத்தைச் சந்திரன் என்றால், அங்கே முயல் இருக்கிறதா என்று யாரும் தேடுவதில்லை. ஆனால் இந்தக் கதையில் நம்மவர் செய்வதைப் பாருங்கள்! குதிரை பறந்தது என்றால் "அது கதை" என்கிறார்கள். மணப்பந்தலை விட்டு வந்தான் என்றால் "அந்தக் காலம்" என்கிறார்கள். சாமி தலையைத் திருப்பியது என்றால் மாத்திரம் "சத்தியம்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? பறக்கும் குதிரைக்கு உண்டியல் இல்லை, அவ்வளவுதான்.

சிங்கவரம் கோயில் குன்றைக் குடைந்து செய்த பல்லவர் காலத்துக் கோயில். தேசிங்கு பிறப்பதற்குப் பல நூறு வருஷங்களுக்கு முன்னரே ஏற்பட்டது. கல்தச்சன் எப்படிச் செதுக்கினானோ அப்படித்தானே கல் இருக்கும்? தன் தலையைத் திருப்ப முடிந்த சாமிக்கு நவாபின் படையைத் திருப்ப ஏன் முடியவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்லுவார்கள்?

நிற்க. இதை இந்து – முஸ்லிம் சண்டையாகச் சொல்லிக்கொடுக்கிறவர்களும் உண்டு. அது அதைவிடப் பெரிய புரட்டு. நவாபின் பக்கத்திலும் இந்துக்கள் இருந்தார்கள். தேசிங்கின் உயிர்த்தோழனோ முஸ்லிம். சண்டை வரிப்பணத்துக்காக வந்ததே ஒழிய, மதத்துக்காக வந்ததல்ல.

கதையின் குறையையும் மறைக்கக்கூடாது. தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே இராணிப்பேட்டை என்ற பெயர் வந்தது என்கிறார்கள். தோழன் தன் இஷ்டத்தால் வந்தான். அந்தப் பெண்ணுக்கு இஷ்டமா என்று கேட்க ஆள் இருந்ததா? அவளை எரித்த நெருப்பைக் கற்புக்கு அடையாளம் என்று பாடிப் பாடித்தானே அந்தக் கொடுமை நிலைத்தது? 1829-ல் சட்டம் வந்து தடுக்க வேண்டியதாயிற்று. அடையாளத்தை நிஜமாக்கினால் மனிதரே எரிக்கப்படுவார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஆகவே, பெற்றோர்களையும் உபாத்தியாயர்களையும் நாம் கேட்டுக்கொள்வது இதுதான். பிள்ளைகளைச் செஞ்சிக்கு அழைத்து வாருங்கள். கதையை முழுவதும் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆபத்து வந்தபோது சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டது; வேறு மதத்துத் தோழன் குதிரையைத் திருப்பிக்கொண்டு ஓடி வந்தான்; இருவரில் யாரை நம்பலாம்? பதிலைப் பிள்ளைகளே சொல்லுவார்கள்.