பிள்ளைக்கு எது வராது என்பது எல்லோருக்கும் தெரியும்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பிள்ளையை முகத்துக்கு நேரே பாராட்ட மாட்டார்கள். கண்ணு பட்டுவிடுமாம். வாய் தவறி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டால் அன்று சாயங்காலமே உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாக வேண்டும். திட்டுவதற்கு மட்டும் இப்படி எந்தத் தடையும் கிடையாது பாருங்கள்! அதை வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழும்படி தாராளமாகச் செய்யலாம். ஊரை விட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்து புனேயில் குடியேறிய பிறகும், எவர்சில்வர் பாத்திரங்களோடு இந்தப் பழக்கத்தையும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம்.

ஊரில் இதனால் பெரிய சேதம் இருக்காது. அம்மா திட்டினால் ஆச்சி மடி இருக்கிறது. ஆச்சியும் சேர்ந்து திட்டினால் எதிர்வீட்டு அத்தை இருக்கிறாள். யாராவது ஒருத்தர் "நம்ம புள்ள எவ்வளவு பாங்கா கோலம் போடுது" என்று சொல்லிவிடுவார்கள். இங்கே, ஏழாவது மாடி பிளாட்டில், அந்த ஒருத்தர் யார்? நாம்தான். நாமோ ஆபீஸிலிருந்து வந்ததும் முதலில் கேட்பது "ஹோம்ஒர்க் முடிச்சாச்சா?"

வெளியூரில் வளரும் பிள்ளைக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பள்ளிக்கூடத்தில் அது "இந்தி வீக்". கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் "என்ன இது, தமிழே சரியா வரலியே" என்று பெரியப்பா வீட்டில் சிரிப்பு. இரண்டு ஊரிலும் குறைதான். எந்த ஊரில்தான் அது நன்றாக இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டாமா?

எங்கள் வீட்டு வாண்டு நாலாம் வகுப்பு. கொஞ்ச நாள் முன்னால் வகுப்பில் வாய் திறப்பதையே நிறுத்திவிட்டாள். காரணம் ஒரு எழுத்து. இந்தியில் சாப்பாடும் பாட்டும் நம் காதுக்கு ஒரே "கானா". தமிழில் எழுதினாலும் இரண்டும் ஒன்றுதான், அதுதான் பிரச்சினையே. அவள் சாப்பாட்டைப் பாட்டாகச் சொல்ல, பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பதில் தெரிந்தாலும் கை தூக்குவதில்லை.

அவளை மீட்டது மராத்தி டீச்சர். (2020-ல் வந்த சட்டப்படி மகாராஷ்டிராவில் எந்த போர்டு பள்ளியானாலும் மராத்தி கட்டாயப் பாடம்.) மராத்தியில் நம் "ள" அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கே ஷாளா என்றுதான் பெயர். கண் டோளா, குழந்தை பாள். நாம் திலகர் என்கிறோமே, அவர் இங்கே டிளக். உ.பி., பீகார் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த எழுத்து லேசில் வராது. ஷாலா என்று "ல" போட்டுவிடுவார்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கோ "பள்ளம்", "வெள்ளம்" என்று சொல்லிப் பழகிய நாக்கு. மலையாளி, கன்னட, தெலுங்கு வீடுகளிலும் இதே கதைதான். டீச்சர் இதைக் கவனித்தார். "உனக்கு இந்த எழுத்து சுத்தமாக வருகிறது, பக்கத்தில் இருப்பவளுக்கு நாக்கை எப்படி மடிப்பது என்று காட்டு" என்றார். அவ்வளவுதான். பரிசு இல்லை, கைதட்டல் இல்லை. எந்தத் தமிழ் வாயால் கேலிக்கு ஆளானாளோ, அதே தமிழ் வாய்க்கு ஒரு வேலை கிடைத்தது.

பிறகு அந்த "கானா" விஷயமும் தானாக அல்ல, உழைத்துத்தான் சரியானது. வாய்க்கு முன்னால் ஒரு பேப்பர் துண்டைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். மூச்சை வெளியே தள்ளும் "க"வுக்கு பேப்பர் ஆடும், மற்றதற்கு ஆடாது. ஒரு வாரம் வீடு பூராவும் பேப்பர் துண்டு. முந்தின மாதம் இதையே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தால் அழுதிருப்பாள். குறையைத் திருத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் அந்தப் பிள்ளை காலூன்றி நிற்க ஓர் இடம் வேண்டும் என்கிறேன்.

அந்த டீச்சர் "நீ ரொம்பக் கெட்டிக்காரி" என்று சொல்லாததும் எனக்குப் பிடித்தது. 1998-ல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு. புதிர்களை முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும், சிலரிடம் "நன்றாக உழைத்தாய்" என்றும் சொன்னார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அடுத்து சுலபமான புதிரையே விரும்பினார்கள். கஷ்டமான ஒன்றில் தோற்ற பிறகு அவர்களுடைய மதிப்பெண் இறங்கியது. உழைப்பைச் சொல்லிப் பாராட்டப்பட்டவர்கள் முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். பட்டம் கிடைத்தால் அதைக் காப்பாற்றும் பயமும் கூடவே வந்துவிடுகிறது போல. அதனால் "சூப்பர்டா செல்லம்" என்று மொத்தமாகச் சொல்வதைவிட, "கணக்கு தப்பா வந்ததும் முதல் வரியிலிருந்து திரும்பப் பார்த்தியே" என்று சொல்வது மேல்.

பாராட்டு வேறு, வேடிக்கை காட்டுவது வேறு. "அங்கிளுக்கு அந்தப் பாட்டைப் பாடிக் காட்டு" என்று விருந்தாளி முன்னால் பிள்ளையைத் தள்ளுகிறோமே, அது பாராட்டில் சேராது. காபி ஆறும் வரை பொழுதுபோக்கு, அவ்வளவே.

பள்ளிகள் முயற்சியே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சி.பி.எஸ்.இ. 2009-ல் கொண்டுவந்த தொடர் மதிப்பீட்டு முறையில் மார்க்குக்கு வெளியே உள்ள திறமைகளுக்கும் இடம் இருந்தது. 2017-ல் அதைக் கைவிட்டார்கள். 2020 கல்விக் கொள்கை மறுபடி ஒரு முழுமையான முன்னேற்ற அட்டையைப் பேசுகிறது. ஆசிரியர் மட்டுமல்ல, பிள்ளை தன்னைப் பற்றியும், கூடப் படிப்பவர்கள் அவளைப் பற்றியும் மதிப்பிட வேண்டும் என்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் டீச்சர் நாற்பது பேருக்கும் தனித்தனியாக எழுத நேரம் எங்கே? "நல்ல பிள்ளை, இன்னும் கவனம் தேவை" என்று நாற்பது அட்டையிலும் ஒரே வரி வந்தால் அவர்மேல் எனக்குக் கோபம் வராது.

அதனால் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது நானே ஒன்று செய்கிறேன். மார்க் பேச்சு தொடங்குமுன் "வகுப்பில் இவள் எதை நன்றாகச் செய்கிறாள்?" என்று கேட்பேன், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. முதல் தடவை வகுப்பு டீச்சர் ஒரு நிமிஷம் திகைத்துப் போனார். பிறகு, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு இவள்தான் தினமும் நோட்டுப் புத்தகம் கொடுத்து உதவுகிறாள் என்றார். எங்களுக்கே தெரியாத செய்தி! அன்று ராத்திரி ஆச்சிக்குப் போன் போட்டபோது, மார்க்குக்கு முன்னால் அதைத்தான் சொன்னேன், வாண்டு காதில் விழும்படி.

ஆச்சி சந்தோஷப்பட்டாள். கையோடு மிளகாய் சுற்றிப் போடவும் சொன்னாள். போட்டோம். சமையலறையில் ஒரே நெடி, மூவரும் இருமித் தள்ளிவிட்டோம்.